சர்வேஷ் முந்திக்கொண்டான்

ஜனவரி 6

தறிக்கு நூல் வாங்குகிற கடையில் இந்த வருஷமும் டைரி கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் கொண்டுவந்து மேஜையில் போட்டார், நான் எடுத்துக்கொண்டேன். என் மகள் தாரிகா என்றைக்கு என்ன செய்தாள் என்று குறித்துவைக்கலாம் என்று உத்தேசம்.

இன்றைக்குக் குறிக்க ஒன்றும் இல்லை. தாரிகா உட்கார்ந்திருந்தாள். நேற்றும் உட்கார்ந்துதான் இருந்தாள். சர்வேஷ் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டான். சர்வேஷ் என் கொழுந்தன் மகன். என் மகளைவிட மூன்று வாரம் இளையவன். இளையவன் நிற்கிறான், மூத்தவள் உட்கார்ந்திருக்கிறாள். அத்தை இதைச் சொல்ல அடுப்படிவரை நடந்து வந்தார்.

"எந்திரிச்சு நின்னுட்டான் பாரு, எங்க மாமனார் மாதிரியே நெஞ்ச நிமித்திக்கிட்டு."

போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் நின்றான். கையைத் தட்டினேன். ஜோதி, அதாவது சர்வேஷின் அம்மா, என் ஓரகத்தி, என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குச் சிரித்தால் கன்னத்தில் குழி விழும். பிள்ளைக்கும் அப்படியே.

தடுப்பூசி போடும் இடத்தில் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறார்கள். பிடித்துக்கொண்டு நிற்பது ஒன்பது மாதத்திலும் வரலாம், பன்னிரண்டு மாதம்வரையும் ஆகலாம் என்று போட்டிருக்கிறது. ஆகவே எனக்குக் கவலை இல்லை. போட்டியும் இல்லை.

ஜனவரி 11

சர்வேஷுக்கு மூன்றாவது பல். உளுந்து ஊறப்போட மறந்துவிட்டேன்.

ஜனவரி 19

பொங்கலுக்கு நிறுத்தியிருந்த தறி இன்று ஓட ஆரம்பித்தது. பின்கட்டில் எட்டு விசைத்தறி. கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்த புதிதில் இந்தச் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் அப்பா தபால் ஆபீசில் வேலை பார்த்தார். எங்கள் தெருவில் சத்தம் என்றால் பால்காரர் மணிதான்.

தாரிகாவும் என்னைப்போலத்தான். தறி ஓடத் தொடங்கியதும் தூக்கிவாரிப்போட்டு எழுந்து வீறிட்டாள். பக்கத்துத் தொட்டிலில் சர்வேஷ் வாயைத் திறந்தபடி தூங்கினான், புரண்டுகூடப் படுக்கவில்லை.

"தறிக்காரன் வீட்டுப் பிள்ளன்னா இப்படி இருக்கணும்" என்றார் அத்தை. "எட்டுத் தறியும் ஓடுது, தொரை தூங்குறாரு." அப்புறம் என் இடுப்பில் இருந்தவளைப் பார்த்து, "இவ தபாலாபீஸ் பேத்தி. சீல் குத்துற சத்தந்தான் தாங்குவா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மத்தியானம்வரை அவளை இடுப்பைவிட்டு இறக்க முடியவில்லை. ஜோதி தலைக்குக் குளித்து, சோற்றைச் சூடாகச் சாப்பிட்டு, பிள்ளை பக்கத்தில் படுத்து ஒரு தூக்கமும் போட்டாள். சூடாகச் சாப்பிடுகிறவளைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். இதற்குப் பெயர் பொறாமை அல்ல, பசி.

பிப்ரவரி 2

இந்த வீட்டில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. தறி ஓடும்போது கூப்பிட்டால் தொண்டைதான் போகும். தோளைத் தட்டுவார்கள், கையை வீசுவார்கள், தரையில் காலை உதைப்பார்கள். அவருக்கு நான் வேண்டுமென்றால் அடுப்படி லைட்டை அணைத்து அணைத்துப் போடுவார். ஜோதி பந்தல்குடியில் தறி வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு இதுதான் பாஷை. பிள்ளையிடமும் அப்படித்தான். முன்னால் போய் நின்று கையை நீட்டுவாள், அவன் பாய்ந்து வருவான்.

நான் மட்டும் "தாரிகா, தாரிக்குட்டி" என்று கத்திக்கொண்டிருக்கிறேன். அவள் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, வராமல் உட்கார்ந்திருக்கிறாள். கூப்பிடாமலே வருகிற பிள்ளை அவளுக்கு, கூப்பிட்டும் வராத பிள்ளை எனக்கு.

பிப்ரவரி 23

நடந்துவிட்டான். பத்து மாதத்தில். கூடத்தில் மாமாவின் நாற்காலியிலிருந்து ஜோதியின் மடிவரை, ஒரு கையையும் பிடிக்காமல்.

இந்த வீட்டில் பிள்ளை நடந்தால் தெருவுக்கே கொழுக்கட்டை போகவேண்டும். ஜோதி பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமாம், மூத்த மருமகள் நான் இருக்கிறேனாம். தேங்காய் துருவி, வெல்லம் பாகு வைத்து, மாவு கிண்டி, ஈடு ஈடாக அவித்தேன். கடைசி ஈட்டில் ஆவி பட்டு மணிக்கட்டு கன்றிப்போனது. பிறகு தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்ததும் நான்தான். எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"ஒங்க பிள்ள இன்னும் நடக்கலையாக்கும்?"

எதிர்வீட்டில் மட்டும் கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் பூட்டு தொங்கியது.

பிப்ரவரி 24

தாரிகாவை இரண்டு கையையும் பிடித்து நடத்திப் பார்த்தேன். காலை மடக்கிக்கொண்டு தொங்கினாள். கொஞ்சம் அதட்டிவிட்டேன். கொஞ்சம்தான்.

மார்ச் 21

தாரிகா நடந்தாள்! அடுப்படியிலிருந்து கூடத்துக்கு, கையில் கரண்டியோடு. நான் மாவரைக்கிற கையைக்கூடக் கழுவாமல் ஓடிப்போய் எல்லோரையும் தோளைத் தட்டிக் கூட்டிவந்தேன். பார்த்தார்கள். சந்தோஷப்பட்டார்கள் என்றே சொல்லவேண்டும்.

கொழுக்கட்டைக்கு அரிசி ஊறப்போடவா என்று கேட்டேன்.

"இப்பத்தான போன மாசம் குடுத்தோம்" என்றார் அத்தை. "அதையே ரெண்டு பிள்ளைக்கும் சேத்துக் குடுத்ததா வச்சுக்குவோம்."

வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 9

இந்தப் பக்கத்தை வண்ணப் பேனாவில் எழுதவேண்டும், வீட்டில் இல்லை.

"தண்ணி." தெளிவாக, சொம்பைக் காட்டி, என் மகள் சொன்னாள். நான் காதை நம்பாமல் சொம்பை ஒளித்துவைத்துத் திரும்பக் காட்டினேன். திரும்பச் சொன்னாள். சாயங்காலம் தறி நின்றதும் எல்லோர் முன்னாலும் சொல்லவைத்தேன். மாமாவே பேப்பரைக் கீழே வைத்தார்.

ஜோதி சர்வேஷைத் தூக்கிக்கொண்டு, "நீயும் சொல்லுடா, தண்ணி, தண்ணி" என்றாள். அவன் அவள் வாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு "ஆ" என்றான்.

"பொட்டப்பிள்ளைக வாய் சீக்கிரம் தொறந்துரும். ஆம்பளப்பிள்ள நின்னு நிதானமாப் பேசும்" என்றார் அத்தை.

பேசட்டும். நான் ரசத்துக்கு உப்பே போடவில்லை. யாரும் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இன்றைக்கு எனக்குக் கேட்டிருக்காது.

ஏப்ரல் 27

இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து இன்று பிறந்தநாள் கொண்டாடினோம். சேர்த்து என்றால் அவன் பிறந்த தேதியில். கேக்கில் அவன் பெயர் மேலே, இவள் பெயர் கீழே.

மெழுகுவத்தி ஏற்றும்போது சர்வேஷின் தலைக்குப் பின்னாலேயே ஒரு பலூன் வெடித்தது. வந்திருந்த பிள்ளைகள் அத்தனையும் அலறின. தாரிகா என் கழுத்தை நெரித்துக்கொண்டாள். அவன் மட்டும் சிரித்துக்கொண்டே கேக்கில் கையை விட்டான். போட்டோக்காரர் அவனைத்தான் எடுத்தார். "சிங்கக்குட்டிக்குப் பயம்னா என்னன்னே தெரியல" என்று அத்தை திருஷ்டி கழித்தார். ஒரு போட்டோவிலும் என் மகள் முகம் தெரியவில்லை, அழுகிற வாய்தான் தெரிகிறது.

மே 14

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. தறி ஓடவில்லை. ஆண்கள் நூல் விஷயமாக வெளியே போய்விட்டார்கள், அத்தை கோயிலுக்கு, ஜோதி துணி துவைக்க மாடிக்கு. மிக்சி இல்லாததால் அம்மியில் தேங்காய்ச் சட்னி அரைத்தேன். வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது.

பிள்ளைகள் இருவரும் கூடத்தில் டப்பாக்களை வைத்து விளையாடினார்கள். குக்கர் மூடி என் கைதவறிக் கீழே விழுந்தது. தாரிகா துள்ளித் திரும்பினாள். சர்வேஷ் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

"சர்வேஷ்" என்றேன்.

திறந்தான், மூடினான்.

தாரிகாவைத் தூக்கி அடுப்படியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அவன் பெயரைச் சொன்னேன். உரக்கச் சொன்னேன். முதுகுக்குப் பின்னாலேயே நின்று சொன்னேன். பிறகு என் நிழல் அவன்மேல் விழுந்தது, உடனே திரும்பி, கன்னம் குழியச் சிரித்து, இரண்டு கையையும் என்னிடம் தூக்கினான்.

அந்த நிமிஷம் என் மனசில் முதலில் வந்தது என்ன என்று எழுதப்போவதில்லை.

சட்னியில் மிளகாய் அதிகம்.

மே 15

தறி ஓடுகிறது. நானாகக் கற்பனை செய்துகொண்டதாகவும் இருக்கலாம்.

மே 22

அவரிடம் சொன்னேன். வண்டி துடைத்துக்கொண்டிருந்தார்.

"சளி கட்டியிருக்கும்" என்றார்.

"பலூன் வெடிச்சப்பவும் திரும்பலைங்க. தறி சத்தத்துலயும் முழிக்கிறதில்ல."

துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தப் பிள்ள நின்ன நாள்லருந்தே ஒனக்கு அவன்மேல ஒரு இது. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. தம்பி காதுல விழுந்தா வீடு ரெண்டாயிரும். வாயத் தொறக்காத."

எனக்கு ஒரு இதுவும் இல்லை. திறக்கவும் இல்லை.

மே 30

தாரிகாவுக்கு இப்போது தண்ணி, அம்மா, பூனை, போச்சு, வேணாம் எல்லாம் வருகிறது. வேணாம்தான் அதிகம் வருகிறது. எல்லோரும் வேலைக்கு நடுவில் அவளிடம் வந்து ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள். என் கொழுந்தன்கூட. இந்த ஒரு வருஷத்தில் இப்படி ஒரு வாரம் எனக்குக் கிடைத்ததில்லை.

ஜோதி ராத்திரி சாப்பிடும்போது, "எப்படிக்கா பழக்குனீங்க?" என்று கேட்டாள். சும்மா பேசிக்கொண்டே இருப்பேன் என்றேன். நாளையிலிருந்து அவளும் பேசப்போகிறாளாம்.

என் தட்டுச் சோற்றைப் பூனைக்குப் போட்டேன்.

ஜூன் 3

சொல்லிவிட்டேன்.

ஜோதி அவனை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று மன்றாடிக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஜோதி, அவனுக்குக் காது கேக்குதான்னு ஒருதடவ டாக்டர்ட்ட காட்டிருவோம்."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் சிவந்தது.

"ஏங்க்கா, ஒங்க பிள்ள நாலு வார்த்த பேசிருச்சு, அதுல நெறையலையா ஒங்களுக்கு? எம்பிள்ளைக்கு ஒரு கொறையும் வேணுமா?"

"அப்படி இல்ல ஜோதி..."

"அவன் நடந்த அன்னைக்கு நீங்க கொழுக்கட்ட அவிச்ச மூஞ்சிய நான் பாக்கலையா? வயித்தெரிச்சல்! இவ்வளவு நாளும் மனசுக்குள்ள இருந்துச்சு, இன்னைக்கு வாய்ல வந்துருச்சு."

அத்தை வந்துவிட்டார். விஷயம் கேட்டதும் வாதாடவில்லை, நேராகப் போய் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்துவந்தார். சர்வேஷுக்குப் பின்னால் நின்று ஓங்கி அடித்தார். அவனுக்கு எதிரே உட்கார்ந்திருந்த தாரிகா திடுக்கிட்டு அத்தையைப் பார்த்தாள். அவன் தாரிகா முகத்தைப் பார்த்தான். அவள் பார்த்த திசையில் திரும்பினான்.

"கேக்குதா இல்லையா? இப்பச் சொல்லு!" என்றார் அத்தை.

"அத்தை, தாரிகாவ வெளிய விட்டுட்டு ஒருதடவ அடிங்க. அவ திரும்புறதப் பாத்துத்தான் அவன்..."

"போதும்" என்று ஜோதி பிள்ளையை வாரிக்கொண்டு போனாள். அத்தை மிளகாயும் உப்பும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார், சுற்றிப்போட. யார் கண்ணுக்கு என்று சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஜூன் 5

ஜோதி என்னோடு பேசவில்லை. பிள்ளையையும் தாரிகாவோடு விடவில்லை. தாரிகா அவர்கள் அறைக் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு "போச்சு" என்று வந்து படுத்துக்கொண்டாள். கொழுந்தன் என் கையால் காப்பி வாங்குவதில்லை. வீடு முழுக்க என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறது.

நான் சொன்னது பொய்யாகவே இருக்கட்டும் என்று இன்று சாமி கும்பிட்டேன். எல்லோர் முன்னாலும் நான் பொறாமை பிடித்தவளாகவே நின்றுவிட்டுப் போகிறேன். இப்படிக் கும்பிட்டுவிட்டு, என்ன நல்ல மனசு எனக்கு என்றும் நினைத்துக்கொண்டேன். ஆகவே அந்த வேண்டுதல் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று தெரியவில்லை.

ஜூன் 11

இன்று மறுபடி கரண்ட் கட். தறி நின்றது.

காலையிலிருந்து ஜோதியின் அறை சாத்தியே இருந்தது. உள்ளே அவள் குரல் கேட்டது, பாடுகிற மாதிரி, அப்புறம் கத்துகிற மாதிரி. அத்தை கதவைத் தட்டினார், திறக்கவில்லை. மத்தியானம் நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அடுப்படிக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அவனுக்குப் பின்னாடி நின்னு கூப்பிட்டேன்க்கா. பாடுனேன். டம்ளரப் போட்டேன். கடைசில வஞ்சேன். வாய்ல வராத வார்த்தையெல்லாம் சொல்லி வஞ்சேன், அப்பவாவது திரும்புறானான்னு. அவன் பாட்டுக்கு வெளையாண்டுக்கிட்டு இருந்தான்."

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லுங்க. அன்னைக்கு வயித்தெரிச்சல்ல சொன்னீங்களா, பாத்துத்தான் சொன்னீங்களா?"

"ரெண்டுந்தான்" என்றேன். "வயித்தெரிச்சல்லதான் அவனப் பாத்துக்கிட்டே இருந்தேன். பாத்தது நெசம்."

இதைக் கேட்டால் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"எப்பருந்து தெரியும்?"

"போன தடவ கரண்ட் போனப்ப."

"ஒரு மாசமா?"

அவர் வாயைத் திறக்காதே என்றார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஒரு மாதமும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கொல்லையிலிருந்து தாரிகா "அம்மா, பூன!" என்று கூப்பிட்டாள். ஜோதி அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் மகள் பேசியதற்கு முதல்தடவையாக நான் சந்தோஷப்படவில்லை.

ஜூன் 19

மதுரை ஆஸ்பத்திரி. ஜோதி, கொழுந்தன், நான். நான் வரவேண்டும் என்று ஜோதிதான் சொன்னாள்; கொழுந்தன் பஸ்ஸில் தனி சீட்டில் உட்கார்ந்தார்.

மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, காதில் சத்தம் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு காதிலுமே கேட்பது மிகவும் குறைவு. பிறவியிலேயே இருந்திருக்கும் என்றார் டாக்டர் அம்மா. காதுக்கு மிஷின் போட்டுச் சில மாதம் பார்க்கலாம், போதவில்லை என்றால் ஆபரேஷன், கூடவே பேச்சுப் பயிற்சி. தறி இல்லாத அறையில் முகத்தைப் பார்த்து நிறையப் பேசவேண்டும்.

"மூணு வயசு, நாலு வயசு ஆனப்பறந்தான் நெறையப் பேரு கொண்டுவர்றாங்க. இது நல்ல நேரம். யாரு கவனிச்சது?"

கொழுந்தன் செருப்பைப் பார்த்தார். ஜோதி என்னைக் காட்டினாள்.

டாக்டர் அம்மா என்னைப் பாராட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஜோதி அழுதுகொண்டிருக்கும்போது நான் பெருமைப்பட்டுக்கொண்டு நின்றேன்.

ஜூலை 2

வாசல் அறையைக் காலிசெய்து ஜோதிக்கும் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டார்கள். மாமா கதவிடுக்கில் ரப்பர் அடித்தார். தறியை விட்டு ஆளாளுக்கு வந்து சர்வேஷ் முன்னால் உட்கார்ந்து பேசுகிறார்கள், அத்தை உட்பட. சுற்றிப்போடுவதை நிறுத்திவிட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு அவர் தரும் காப்பியில் மட்டும் இரண்டு நாளாகச் சர்க்கரை தூக்கலாக இருக்கிறது.

தாரிகா இன்று "பூன பால் குச்சு" என்று சொன்னாள். மூன்று வார்த்தை. சுற்றிமுற்றிப் பார்த்தேன், கேட்க ஒருவரும் இல்லை. காது கேளாத பிள்ளைமேலும் ஒருத்திக்குப் பொறாமை வருமா? வருகிறது. தாரிகாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொருதடவை சொல்லச் சொன்னேன்.

ஜூலை 16

இன்று மதுரை ஆஸ்பத்திரியில் மிஷின் மாட்டினார்கள். ஜோதி குனிந்து "சர்வேஷ்" என்றாள். அவன் மிரண்டு உதட்டைப் பிதுக்கி அழுதான். இரண்டு தடவை பிடுங்கி எறிந்தான். அழுதது கேட்டதாலா, காதில் ஏதோ செருகியதாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பழகப் பழகத் தெரியும் என்றார்கள். ஜோதி ரொம்ப எதிர்பார்த்து வந்திருந்தாள். வெளியே வரும்போது முகம் விழுந்துபோயிருந்தது.

கொழுந்தனுக்குத் தறியில் வேலை, வரவில்லை. நாங்கள் இருவரும் பிள்ளையோடு பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னலோரம் ஜோதி.

"அக்கா, இனிமேயும் அவன அப்படியே பாருங்க" என்றாள்.

"எப்படி?"

"முன்ன பாத்தீங்கள்ல, எது முந்துது எது பிந்துதுன்னு, அப்படித்தான். எங்க எல்லாத்துக்கும் அவன் என்ன செஞ்சாலும் அழகாத்தான் இருக்கு. நான் பெத்தவ, எனக்கே தெரியல பாருங்க."

இது பாராட்டா, அறையா என்று எனக்கு விளங்கவில்லை. அவளும் விளக்கவில்லை. பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள். நாலு நாளாகத் தூங்காதவள், உடனே தூங்கிவிட்டாள்.

அவன் என் வளையலை உருட்டிக்கொண்டிருந்தான், மிஷின் காதிலேயே இருந்தது. காரியாபட்டிக்கு முன்னால் ஒரு லாரி எங்களைத் தாண்டும்போது ஹாரனை நீளமாக அடித்தது. சர்வேஷின் உடம்பு லேசாகத் தூக்கிப்போட்டது. வளையலை விட்டான். லாரி போன பக்கம் முகத்தைத் திருப்பினான். நான் திரும்பவில்லை, பஸ்ஸில் யாருமே திரும்பவில்லை, யாரையும் பார்த்து அவன் திரும்பவில்லை.

அவன் வாழ்க்கையில் முதல் சத்தம். அதைப் பார்த்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். கொஞ்ச நேரம் யாரிடமும் சொல்லாமல் எனக்கே வைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஜோதியை எழுப்பினேன்.